தரைதொடா ஊர்தி

அந்தப் பெயரை எழுதியது நான்தான். பச்சைப் பெயின்டில், பலகையின் விளிம்பைச் சுற்றி, கொட்டை கொட்டையாக எழுதினேன். எழுதாமல் இருந்திருந்தால் எங்கள் அறிவியல் மன்றம் செய்த வண்டி மாவட்டக் கண்காட்சிக்குப் போய், ஒரு ஆறுதல் பரிசு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, ஆய்வுக்கூடத்து மூலையில் கரையான் அரித்துக் கிடந்திருக்கும். எழுதித் தொலைத்தேன். விஷயம் கோர்ட்டு வரைக்கும் போனது.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் கரையில் இருந்தது எங்கள் உயர்நிலைப் பள்ளி. கழக ஆட்சி வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பஸ்ஸின் நெற்றியிலிருந்து தாலுகா ஆபீஸ் படிவம் வரைக்கும் எல்லாவற்றிலும் தமிழ் ஏறிக்கொண்டிருந்த காலம். எங்கள் அறிவியல் வாத்தியாருக்கு அது போதவில்லை. அறிவியல் மொத்தத்தையும் தமிழாக்கிவிட்டுத்தான் பென்ஷன் வாங்குவது என்று இருந்தார். "சார்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "ஐயா" என்றால்தான் காது கேட்கும். ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய பெட்ரோல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டியிருந்தது. "தீப்பொறிச் செருகி" என்று சீட்டில் எழுதி என்னைக் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு தீப்பெட்டியைக் கொடுத்தார். நானும் அதை வாங்கிக்கொண்டு வந்து ஐயாவிடம் நீட்டினேன். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

ஏதோ ஒரு பத்திரிகையில் ஐயா வெளிநாட்டுப் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கடலுக்கு மேலே, தண்ணீரில் படாமல், காற்றின் மேல் போகிற வண்டி. ஹோவர்கிராஃப்ட். மற்ற பள்ளிக்கூடங்கள் எல்லாம் எரிமலையும் காற்றாலையும் செய்துகொண்டிருக்க, நாம் இதைச் செய்கிறோம் என்று மன்றத்தில் அறிவித்தார். மன்றம் என்றால் ஏழு பேர். செய்வதற்கு முன்னால் பெயர் வைக்க வேண்டும் அல்லவா? முதலில் "காற்றுமெத்தை ஊர்தி" என்றார். மெத்தை என்றதும் பின்வரிசையில் பையன்கள் கிக்கிக்கென்று சிரித்தார்கள். ஐயாவுக்குக் கோபம் வந்து மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் கரும்பலகையில் "தரைதொடா ஊர்தி" என்று எழுதிவிட்டு, எங்களைப் பார்த்து, "எப்படி?" என்றார். நாங்கள் கை தட்டினோம். உள்ளபடியே நல்ல பெயர். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல பெயர்.

வண்டி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தச்சரிடம் கொடுத்து வட்டமாக அறுத்த பிளைவுட் பலகை, ஐந்தடி அகலம். அதன் அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் பை மாதிரி தளரக் கட்டி, அதில் அங்கங்கே ஓட்டை. மேலேயிருந்து காற்றை அடித்தால் பை உப்பி, ஓட்டை வழியாகக் காற்று வெளியே சீறி, பலகை தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஷீட் என் சிநேகிதியின் வாப்பா கொடுத்தது. அவர் அதிராம்பட்டினத்துக்காரர், எங்கள் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து வந்த மேஜை விரிப்புச் சரக்கு, விற்காமல் கிடந்தது. முழுக்க ரோஸ் நிறப் பூ. வெளிநாட்டுக்காரன் கடலைத் தாண்டின வண்டிக்கு எங்கள் ஊரில் பூப்போட்ட பாவாடை.

காற்றுக்கு? அதற்கு ஐயா கண்டுபிடித்த வழியை நினைத்தால் இப்போதும் மெச்சத் தோன்றுகிறது. வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற பவர் ஸ்பிரேயர் இருக்கிறதே, முதுகில் மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் தடித்த குழாய் வழியாக ஹோவென்று காற்று அடிக்குமே, அதை விவசாய ஆபீசிலிருந்து இரவல் வாங்கினார். பலகையின் ஒரு ஓரத்தில் மிஷினைக் கட்டி, ஓட்டை போட்டுக் குழாயைச் செருக வேண்டியதுதான் பாக்கி. செருகுவதற்கு முன்னால் ஓடுகிறதா என்று பார்க்கலாம் என்று என் சிநேகிதி கயிற்றை இழுத்தாள். எங்கள் ஏழு பேரில் அவளுக்குத்தான் கை வலு. பழைய மருந்துத் தூள் உள்ளே மிச்சம் இருந்தது யாருக்குத் தெரியும்? அந்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியர், "என்ன சத்தம் அங்க?" என்று கதவைத் திறந்தார். குழாய் அவர் பக்கம் பார்த்து இருந்தது. மனுஷர் தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளையாக நின்றார். கண் மட்டும் இரண்டு கறுப்பாகத் தெரிந்தது. ஐயா பதறிப்போய், "மன்னிக்கணும், இது பூச்சிக்கொல்லி, மனுசனுக்கு ஒண்ணும் செய்யாது" என்றார். தலைமை ஆசிரியர் நேராக வாய்க்காலுக்கு நடந்து போனார்.

ஆனால் வண்டி ஓடியது! அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பிரார்த்தனைக் கூடத்தின் சிமெண்டுத் தரையில் வைத்து, எழுவரில் எடை குறைந்தவள் என்று என்னை நடுவில் உட்கார்த்தி, கயிற்றை இழுத்தார்கள். பூப்போட்ட பாவாடை உப்பியது. எனக்குக் கீழே என்னவோ கழன்றுகொண்ட மாதிரி ஒரு குலுக்கல். அரை விரல் உயரம் இருக்கும், அவ்வளவுதான் தூக்கியது. சிநேகிதி ஒற்றை விரலால் தள்ளினாள். நான் பாட்டுக்குப் போனேன், போனேன், அறிவிப்புப் பலகையில் முட்டிக்கொண்டு நின்றேன். திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நெற்றி புடைத்துவிட்டது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அப்பா ஒரு மிராசுதாருடைய ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், பதினேழு வருஷமாகச் சாகுபடி செய்துவந்தார். மிராசுதார் தஞ்சாவூரில் இருந்தார், அறுப்புக்கு அறுப்பு காரில் வந்து பங்கு நெல்லை அளந்துகொண்டு போவார். ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுத்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அப்புறம் சட்டம் வந்தது. யார் குத்தகைக்கு உழுகிறார்களோ அவர்கள் பெயரைத் தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஏறிவிட்டால் நினைத்தபடி நிலத்தை விட்டு இறக்க முடியாது. அப்பா மனு கொடுத்தார். மிராசுதார் உடனே கோர்ட்டுக்குப் போனார். "எனக்குக் குத்தகைக்காரன் என்று எவனும் கிடையாது. இவன் என் நிலத்தில் கூலிக்கு வேலை செய்த ஆள்" என்று எழுதிக் கொடுத்தார். பதினேழு வருஷம் ஒரே நாளில் கூலி ஆகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் சோறு இருந்தது. குத்தகைக்காரன் என்றால் நிலமும் விளைச்சலில் எங்கள் பங்கும் உண்டு. கூலிக்காரன் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதான்.

இதற்கு நடுவில் குறுவை முற்றிவிட்டது. கதிர் தலை சாய்ந்து நின்றபோது கோர்ட்டிலிருந்து தடை உத்தரவு வந்தது. வழக்குத் தீரும்வரை வாதியோ பிரதிவாதியோ அவர்களது ஆட்களோ "மேற்படி வயலில் இறங்கக் கூடாது" என்று உத்தரவு. ஐப்பசி பிறந்துவிட்டது. வானம் தினமும் மூட்டம் போட்டு மிரட்டியது. அப்பா காலையில் போய் வரப்பில் நிற்பார், மத்தியானம் வந்து சாப்பிடாமல் படுப்பார். அம்மா என்னிடம் நேராகவே சொன்னாள்: "இந்த நெல்லு வீடு வந்து சேரலேன்னா நீ புஸ்தகத்த மூடிட்டு எங்கூட நடவுக்கு வந்துருடி. வேற வழி கெடையாது."

கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் பெற்றோர்களுக்கு வண்டியை ஓட்டிக் காட்டினோம். அப்பா வந்திருந்தார். அவருக்குப் படிப்பு கட்சிப் படிப்பகத்தில் வந்த படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், ஆனால் வாசித்ததை விட மாட்டார். வண்டியைச் சுற்றி நடந்து நடந்து, "த-ரை-தொ-டா" என்று முழுவதையும் வாசித்துவிட்டு ஐயாவிடம் வந்தார்.

"சார், இது தரையத் தொடாதுங்களா?"

"ஐயா என்று சொல்லுங்கள். தொடாது."

"மேல ஆளு குந்தியிருந்தாலும் தொடாதுங்களா, ஐயா?"

"தொடவே தொடாது."

"அப்பன்னா, மேல இருக்கிற ஆளு தரையில எறங்குனதா ஆகாதுங்களே?"

"எப்படி ஆகும்?"

"இத எழுதிக் குடுப்பீங்களா?"

ஐயா உருகிப்போனார். இத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரு சொல்லை நம்பி எழுதிக் கொடுங்கள் என்று யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துத் தாளிலேயே எழுதினார். "இவ்வூர்தி இயங்குங்கால் நிலத்தைத் தொடாதென்றும், இதில் அமர்ந்திருப்பார் நிலத்தில் இறங்கியவராகார் என்றும் இதனால் சான்றளிக்கப்படுகிறது." கீழே கையெழுத்து, அதன் மேல் அறிவியல் மன்ற முத்திரை. அந்த முத்திரையை உருளைக்கிழங்கில் செதுக்கியதும் நான்தான்.

அப்பாவின் திட்டம் எனக்கு அன்று சாயங்காலம்தான் புரிந்தது. வண்டியில் உட்கார்ந்தபடியே வயலுக்குள் மிதந்து போய்க் கதிரை அறுத்துக்கொண்டு வருவது. உத்தரவில் இறங்கக் கூடாது என்றுதானே இருக்கிறது? மிதக்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பா, அது சிமெண்டுத் தரையிலதான்ப்பா போவும். வயல்ல போவாது."

அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தரையத் தொடாத வண்டிக்கு எந்தத் தரையா இருந்தா என்னம்மா?"

ஐயாவிடம் ஓடினேன். அவருக்கு உண்மை தெரியும். ஆனால் முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டாரே! "ஒரு சொல்லைப் படைத்துவிட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டும், அம்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைச் "சார்" என்று கூப்பிட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை. வரப்பு கொள்ளாத கூட்டம். பிற்பாடு யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது என்று, அப்பாவே அமீனாவை வரவழைத்திருந்தார். அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவை ஊருக்குக் கொண்டுவந்து நிறைவேற்றுகிற சிப்பந்தி. பழைய சைக்கிளும் தோல்பையும் நரைத்த மீசையுமாக இருந்தார். சான்றிதழை இரண்டு முறை படித்தார். வண்டியைக் குனிந்து பார்த்தார். "தொட்டுச்சுன்னா எழுதிருவேன். தொடலேன்னாலும் எழுதிருவேன். எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். அப்பாவின் எடையை வண்டி தாங்காது. அதனால் அரிவாளோடு நடுவில் உட்கார்ந்தது நான். தலைமை ஆசிரியர் மிஷின் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கவனித்து அதற்கு எதிர்ப்பக்கமாகப் போய் நின்றார்.

சிநேகிதி கயிற்றை இழுத்தாள். வரப்பிலிருந்து வயலின் மேல் சாய்த்துப் போட்ட பலகையில் வண்டி உப்பி, சறுக்கி, ஒரே பாய்ச்சலில் கதிர்களின் மேல் ஏறிப் படுத்தது. பத்தடி போனது. "மிதக்குது! மிதக்குது!" என்று ஐயா கத்தினார். பூப்போட்ட பாவாடை டர்ரென்று கிழிந்தது. இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டு நின்றது. நான் ஆறு மா குறுவைக்கு நடுவில், கையில் அரிவாளோடு, கொலுப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இறங்கப் போனேன். "எறங்காத!" என்று அமீனா அலறினார். "காலக் கீழ வச்சே, கோர்ட்டு அவமதிப்பு!"

அப்பாவும் போக முடியாது, அவர் பிரதிவாதி. அப்பா இருந்த விவசாயச் சங்கத்து ஆட்கள் போக முடியாது, அவர்கள் பிரதிவாதியின் ஆட்கள். "நீங்க போய்த் தூக்கியாங்களேன்" என்று அமீனாவைக் கேட்டார்கள். "எனக்கு உத்தரவ ஒட்டத்தான் உத்தரவு. உள்ள போக உத்தரவு இல்ல" என்றார் அவர். ஐயாவைக் கேட்டார்கள். அவர், வண்டி கதிரின் மேல்தான் இருக்கிறது, இன்னும் தரையைத் தொடவில்லை, ஆகவே சான்றிதழ் இன்னும் செல்லும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா வந்தாள். வாயில் வயிற்றில் அடித்துக்கொண்டு, "எம் பொண்ண ஏன்டா பூச்சி மருந்து மிஷின்ல வச்சு அனுப்புனீங்க, பாவிங்களா!" என்று மன்றம், பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லோரையும் ஒரே மூச்சில் திட்டினாள். சிநேகிதி இட்லிப் பொட்டலம் ஒன்றை வீசினாள். அது என் முதுகில் பட்டு உடைந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஒரு மணி நேரம் இருக்கும். பயத்தைவிட எனக்கு அவமானம். பள்ளிக்கூடம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கிறதே!

அப்போதுதான் வானத்தைப் பார்த்தேன். கிழக்கே கறுத்திருந்தது. மழை வந்தால் இந்தக் கதிர் அத்தனையும் சாய்ந்து, நனைந்து, நின்ற இடத்திலேயே முளைத்துப் போகும். என் கை எட்டுகிற தூரத்தில் பழுத்துக் கிடந்தது நெல். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. குப்புறப் படுத்துக்கொண்டு, பலகையின் விளிம்புக்கு வெளியே கையை நீட்டி, ஒரு பிடி அறுத்தேன். அப்புறம் இன்னொரு பிடி. வரப்பில் யாரோ, "அறு தாயி!" என்று கத்தினார்கள். நான் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, கால் கீழே படாமல் அறுத்தேன்.

அந்த நேரத்தில்தான் மிராசுதாரின் கார் வந்து நின்றது. மனுஷர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது.

"யோவ் அமீனா! என்னய்யா வேடிக்கை பாக்குற? என் குத்தகைக்காரன் மவ கதிர அறுத்துக்கிட்டிருக்கா, கண்ணு தெரியலயா? எழுதுய்யா! நான் சொல்றத ஒரு எழுத்து விடாம எழுது!"

அமீனா பையிலிருந்து தாளை எடுத்து, சைக்கிள் சீட்டின் மேல் வைத்து, ஒரு எழுத்து விடாமல் எழுதினார். எழுதி முடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார். "'என் குத்தகைக்காரன் மகள் கதிரை அறுத்துக்கொண்டிருக்கிறாள்' என்று வாதி, மேற்படி வயல் வரப்பில் பலர் முன்னிலையில் சொன்னார். சரிதானுங்களே? இப்படிக் கையெழுத்துப் போடுங்க."

மிராசுதார் பேனாவை வாங்கிப் போட ஆரம்பித்தார். பாதியில் கை நின்றது. வாய் மட்டும் மெதுவாகத் திறந்தது. பதினேழு வருஷம் அவர் வீட்டிலும் களத்திலும் சொல்லிப் பழகிய வார்த்தை. கோர்ட்டில் மட்டும்தான் அதை மாற்றிச் சொன்னார். கோபத்தில் நாக்குக்குக் கோர்ட்டு ஞாபகம் வரவில்லை.

"சொல்லிட்டாரு" என்றார் அப்பா. முதலில் மெதுவாக. அப்புறம் வரப்பில் அப்படியே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "சொல்லிட்டாருடி, அவரு வாயாலயே சொல்லிட்டாரு" என்று அம்மாவைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

கூட்டம் மொத்தமும் அமீனாவின் சைக்கிளைச் சூழ்ந்துகொண்டது. சாட்சிக் கையெழுத்துப் போட நான் நீ என்று போட்டி. தலைமை ஆசிரியர் போட்டார், சிநேகிதியின் வாப்பா போட்டார், ஐயா தன் இனிஷியலைத் தமிழில் போட்டார். அந்தத் தாளை வைத்துத்தான் பிறகு அப்பாவின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதற்கு இன்னும் நாலு மாதம் ஆனது, வயலில் இறங்கத் தடை நீங்குவதற்குள் பாதிக் கதிர் மழையில் போனது. அதெல்லாம் பின்னால். அன்றைக்கு, அந்த நிமிஷத்தில், வயலுக்கு நடுவில் நான் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறேன் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

"அப்பா!" என்று கூப்பிட்டேன். யாரும் திரும்பவில்லை. "ஐயா!" என்றேன். "சார்!" என்றும் கத்திப் பார்த்தேன். சரிதான் போங்கள் என்று, அறுத்த கதிரையெல்லாம் தாவணி முனையில் கட்டி, தலையில் வைத்துக்கொண்டு, காலைக் கீழே வைத்தேன். சேறு கணுக்கால் வரைக்கும் இறங்கியது. கோர்ட்டை அவமதித்துக்கொண்டே பத்தடி நடந்து வரப்பேறினேன்.

அம்மா மட்டும்தான் பார்த்தாள். ஓடி வந்தாள். முதலில் தலையிலிருந்த கதிர்க்கட்டை வாங்கிப் பத்திரமாகக் கீழே வைத்தாள். அப்புறம் என்னைப் பளாரென்று ஓர் அறை அறைந்தாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.